சின்ன மோகனூர்

போன வாரம் சேலம் செவ்வாய்ப்பேட்டையில், பருப்பு மண்டிக்கு மேல்மாடியில் இருக்கும் எங்கள் பத்திரிகை அறையில் உட்கார்ந்து, நீடிக்கும் ஒரு போரையும் அதைச் சுற்றியுள்ள நாடுகளின் நிலைப்பாட்டையும் பற்றிக் கட்டுரை தட்டிக்கொண்டிருந்தேன். போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கான மாத இதழ் எங்களுடையது. நான் வேகமாகத் தட்டுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. "இரு தரப்பும் நிதானம் காக்க வேண்டும் என மாநாட்டில் வலியுறுத்தப்பட்டது" என்று முடித்துவிட்டு அடுத்த வரிக்குத் தாவும்போது, மூன்று வருடத்துக்கு முந்திய ஒரு குரல் உள்ளே கேட்டது.

"யாருங்க அம்மிணி?"

கை நின்றுவிட்டது. கீழே லாரியிலிருந்து மூட்டை இறங்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எழுத வேண்டியது இந்த மாநாட்டைப் பற்றியல்ல, அந்தக் கேள்வியைக் கேட்டவரைப் பற்றி என்று அப்போதுதான் தோன்றியது. கட்டுரையைப் பாதியில் விட்டுவிட்டு இதைத் தொடங்கினேன்.

அவரை நான் அக்கா என்று கூப்பிட்டேன். பெயர் தெரியும், எழுதப் போவதில்லை. நாமக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் நான் வேலை பார்த்த காலம் அது. எம்.ஏ. அரசியல் அறிவியல் முடித்திருந்தேன். பகலில் ஆதார் திருத்தம், சாதிச் சான்று, பஸ் டிக்கெட். ஓய்ந்த நேரத்தில் உலக வரைபடம். எந்த நீரிணை எங்கே இருக்கிறது, எந்தத் துறைமுகத்தை யார் கட்டுகிறார்கள் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லுவேன். யாரும் கேட்கவில்லை என்பதுதான் குறை.

அந்த அக்கா கேட்டார். அவர் நாமக்கல்லில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், தரைத்தளத்துப் பருத்திச் சேலைப் பிரிவில் நின்றார். வீடு மோகனூர். மதியம் சாப்பாட்டு இடைவேளையில், சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்துவிட்டு எங்கள் சென்டருக்கு வருவார். கணவர் ரிக் வண்டி ஓட்டுநர், அதாவது ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியை இயக்குகிறவர். திருச்செங்கோட்டு முதலாளி ஒருவரின் வண்டியோடு ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்குப் போயிருந்தார். அந்த நாட்டின் பெயரை அக்கா ஒரு நாளும் சொன்னதில்லை. "அங்க" என்பார். ஆகவே நானும் சொல்லவில்லை. அங்கே இரண்டு படைத் தலைவர்கள், நேற்று வரை ஒரே மேடையில் நின்றவர்கள், ஒரு நாள் காலையில் ஒருவரையொருவர் சுட ஆரம்பித்தார்கள்.

அரசின் அறிக்கை ஏதாவது வந்திருந்தால் அச்செடுத்துத் தரச் சொல்லுவார். தாளைக் கையில் வாங்கியதும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்ப்பார், சேலைத் தலைப்பைப் பார்க்கிற மாதிரி. பிறகு என்னிடமே திருப்பித் தந்து படிக்கச் சொல்லுவார். நான் சாரத்தைச் சொல்ல ஆரம்பித்தால் கை காட்டி நிறுத்திவிடுவார். முழுசாகப் படிக்க வேண்டும். ஆங்கிலத்தை வரி வரியாகத் தமிழாக்கிச் சொல்லுவேன்.

நிலைமை உன்னிப்பாகக் கவனிக்கப்பட்டு வருகிறது. யாருங்க கவனிக்கறது? அனைத்து வழிகளும் ஆராயப்படுகின்றன. யாருங்க ஆராயறது? உடனடிப் போர்நிறுத்தம் வலியுறுத்தப்பட்டது. யாரு, யாருகிட்டங்க வலியுறுத்துனது? முதல் நாள் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ராஜதந்திர மொழி அப்படித்தான் இருக்கும், பெயரைச் சொன்னால் உறவு கெடும், அதற்காகத்தான் அப்படி எழுதுகிறார்கள் என்று பாடம் எடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தாளில் விரல் வைத்துச் சொன்னார்:

"கவனிக்கப்பட்டு, ஆராயப்பட்டு, வலியுறுத்தப்பட்டு. எல்லாம் பட்டாவே இருக்குதுங்களே அம்மிணி. பருத்தி ஒண்ணுங்கூட இல்லீங்களா?"

சென்டர் முதலாளி அண்ணன் டீயைச் சிந்திவிட்டார். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அக்கா சிரிக்கவில்லை. பட்டுச் சேலை மாடியில், ஏசியில் இருக்கும், கண்ணுக்கு நன்றாக இருக்கும், வருடத்துக்கு ஒரு நாள் எடுத்துக் கட்டலாம், தினமும் கட்டி வேலை செய்ய முடியாது என்று கடைக்குரிய தொனியில் விளக்கினார். அதன் பிறகு எங்களுக்குள் அது ஒரு கணக்காகிவிட்டது. அறிக்கை வந்தால், "பட்டுங்களா, பருத்திங்களா?" என்பார். "கப்பல் புறப்பட்டது" என்று ஒரு நாள் வந்தது. அதை இரண்டு முறை படிக்கச் சொன்னார். பருத்தி என்று ஒப்புக்கொண்டார். இன்னொரு நாள் ஒரு நீளமான கூட்டறிக்கை. தாளைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, ஒரே தண்ணியில் சாயம் போய்விடும் என்றார்.

இவ்வளவு கறாராக "யாரு" என்று கேட்கிறவர், கணவரின் பெயரை மட்டும் வாயால் சொல்லமாட்டார். படிவத்தில் பெயர் கேட்டால் ரேஷன் கார்டை நீட்டுவார். அதை நான் கிண்டல் செய்தேன். அது வேற என்று முடித்துவிட்டார்.

ஒரு நாள் அச்செடுத்த தாளின் பின்பக்கத்தில் அந்தப் பகுதியையே வரைந்து காட்டினேன். வடக்கே இருக்கும் நாடு ஒரு தலைவன் பக்கம் சாய்கிறது, காரணம் ஆற்றுத் தண்ணீர். கடலுக்கு அந்தப் பக்கத்துப் பணக்கார அரசு மற்றவனுக்கு ஆயுதம் தருவதாகப் பேச்சு, அது இல்லை என்கிறது. மேற்கே இருப்பது ஏழை நாடு, ஓடி வருகிறவர்களையெல்லாம் எல்லையில் வாங்கிவைத்துக்கொண்டு சோற்றுக்குத் திண்டாடுகிறது. பிராந்தியக் கூட்டமைப்பு ஊர் ஊராகக் கூடுகிறது. ஒருவன் வந்தால் மற்றவன் வருவதில்லை. நம் நாட்டுக்கு எல்லோரும் வேண்டியவர்கள், அதனால் யாரையும் கண்டிப்பதில்லை, தன் ஆட்களை மட்டும் மீட்கிறது. நான் உற்சாகமாக அம்புக்குறி போட்டுக்கொண்டே போனேன். உண்மையைச் சொன்னால், அன்று நான் சந்தோஷமாக இருந்தேன். படித்ததையெல்லாம் கேட்க ஒரு ஆள் கிடைத்திருந்தார்.

அவர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு ஒரு சம்பவம் சொன்னார்.

"ஆடித் தள்ளுபடியப்ப எங்க கடை மாடிப்படில ஒரு பொம்பள உளுந்துட்டாங்க. சுத்தி அத்தனை கூட்டம். 'தண்ணி குடுங்க, தண்ணி குடுங்க'ன்னு எல்லாரும் சொன்னாங்க. ஒருத்தருங் குடுக்கலீங்க."

அப்புறம் என்று கேட்டேன். கீழே பருத்திப் பிரிவிலிருந்து மேலே ஏறிப்போகத் தனக்கு நேரமாகிவிட்டது என்றார். அதற்குள் அந்தம்மாவே எழுந்து உட்கார்ந்திருந்தாராம். அந்தம்மாவுக்கு எழுந்திருக்கத் தெம்பு இருந்தது, அங்க இருக்கறவங்களுக்கு இருக்குமா என்று கேட்டார். நான் பேனாவை மூடி வைத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் அம்மாவோடு ஒருமுறை அந்தக் கடைக்குப் போயிருந்தேன். அம்மா பார்த்த சேலையில் ஒரு ஓட்டை. மேற்பார்வையாளர் ஓடி வந்து, சரக்கு வரும்போதே கிழிந்து வந்திருக்கிறது என்று சமாளித்தார். அக்கா குறுக்கே வந்தார். "கிழிஞ்சு வரலீங்க. நாந்தாங்க கிழிச்சேன். கொக்கியில மாட்டிருந்ததைப் பாக்காம இழுத்துட்டேன்." எல்லோர் முன்னாலும் அந்த மனிதர் அவரைத் திட்டினார். அக்கா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அடுத்த சேலையை உதறி விரித்தார். வெளியே வந்ததும் என் அம்மா, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்றார். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது.

ரிக் வண்டிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வருடம் முழுக்க ஊர் ஊராகப் போகிறவர்கள். போகிற இடத்தின் பெயர் வாயில் நுழையாவிட்டால் தாங்களே ஒன்று வைத்துக்கொள்வார்கள். குட்டி ராசிபுரம், ரெண்டாம் பரமத்தி என்று எங்கெங்கோ இருக்கின்றன. அக்காவின் கணவர் கடைசியாக வண்டி நிறுத்தியிருந்த ஊருக்குச் "சின்ன மோகனூர்" என்று பெயர் வைத்திருந்தார். ஆற்றங்கரை, கரும்புக் காடு, சர்க்கரை ஆலைப் புகைபோக்கி, எல்லாம் நம் ஊர் போலவே இருந்ததாம். ஆறு மட்டும் காவேரியைவிட அகலம். அப்புறம் எதற்குச் சின்ன என்று அக்கா கேட்டதற்கு, நம்முளுதைவிடப் பெரிசு என்று சொல்ல மனசு வரவில்லை என்றாராம். இதைச் சொல்லும்போது மட்டும் அக்கா கொஞ்சம் சிரித்தார்.

கணவர் கடைசியாகப் போனில் பேசியதும் அங்கிருந்துதான். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு படை, இந்தப் பக்கம் ஒரு படை. "நம்ம போரு அறுநூறு அடியில நிக்குது, இவனுங்க போரு எங்க நிக்கும்னு தெரியல" என்றிருக்கிறார். உடனிருந்த உள்ளூர் ஆட்கள் தங்கள் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். இவர் வண்டியோடு நின்றுவிட்டார். அக்கா திருச்செங்கோட்டு முதலாளிக்குப் போன் போட்டார். வண்டியோடு நிற்க வேண்டியதாகப் போய்விட்டது என்றார் அவர். யாருங்க நிக்கச் சொன்னது என்று அக்கா கேட்டதும் லைன் கட்டாகிவிட்டது. அந்த ஊரின் உண்மையான பெயர் முதலாளிக்கும் தெரியவில்லை. தலைநகரில் இருந்த ஏஜென்ட்டுக்குத்தான் தெரியும், பாஸ்போர்ட்டும் அவனிடம்தான். அவன் போன் செத்துவிட்டது.

கப்பலும் விமானமும் ஓடிக்கொண்டிருந்த நாட்கள். துறைமுகம் வரை வந்து சேர்ந்தவர்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். உள்நாட்டில் சிக்கியவர்களுக்கு, எந்த ஊரில் எத்தனை பேர் என்று பார்த்து பஸ் ஏற்பாடு செய்வதாகவும், அதற்கு அரசு உதவி மையத்தின் இணையப் படிவத்தில் பதிய வேண்டும் என்றும் செய்தி வந்தது. அக்கா அன்று பதினொரு மணிக்கே வந்துவிட்டார். கடையில் சொல்லாமல் வந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டு, கணவரின் போட்டோ, பழைய விசாவின் நகல், எல்லாம் ஒரு துணிக்கடைப் பையில்.

பெயர் அடித்தேன். வயது, தொழில். "தற்போது இருக்கும் இடம்" என்ற கட்டம் வந்தது. சின்ன மோகனூர் என்று ஆங்கிலத்தில் அடித்தேன். சிவப்புக் கோடு விழுந்தது. ஏற்கவில்லை. "சின்ன" என்பதை எடுத்தேன். உடனே கீழே ஒரு பட்டியல் விரிந்து, மோகனூர் என்று ஒன்று வந்தது. தொட்டேன். பச்சை. கடைசியில் குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கும், ஆறு, பாலம், ஆலை எல்லாவற்றையும் அங்கே விளக்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே அடுத்த பக்கம் போனேன். குறிப்புக் கட்டம் இல்லை. பின்னால் போனால் எல்லாம் அழிந்துவிடும் என்று எச்சரிக்கை வந்தது. ஆதார் திருத்தத்துக்கு மூன்று பேர் நின்றார்கள். பொத்தானை அழுத்திவிட்டேன். வேகமாகத்தான் அழுத்தினேன்.

சின்ன என்று சேர்த்துப் போட்டேனா என்று அக்கா கேட்டார்.

"போட்டாச்சுங்கக்கா."

போட்டேன் என்று சொல்லவில்லை. அன்று அவர் அதைக் கவனிக்கவில்லை. பதிவு எண் இருந்த தாளை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, அவர் கடைக்கு ஓடினார்.

பிறகு தினமும் வந்தார். பதில் இல்லை. உலகம் கூடிக் கூடிக் கலைந்தது. ஒரு நகரத்தில் மூன்று நாள் சண்டை நிறுத்தம் அறிவித்தார்கள். முதல் நாள் மாலையே முறிந்தது. நான் அறிக்கைகளைப் படித்தேன். அக்கா "யாருங்க?" என்று கேட்டார். ஆனால் கேள்வி மெலிந்துகொண்டே வந்தது. சில நாள் தாளைத் தேய்த்துக்கூடப் பார்க்கவில்லை.

பதில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அச்செடுத்தேன். சாரத்தைச் சொல்ல வாய் திறந்தேன். அவர் வழக்கம்போல் கை காட்டினார். முழுசாகப் படித்தேன்.

"மேற்படி நபர் தற்போது நாமக்கல் மாவட்டம் மோகனூரில் இருப்பதாகப் பதியப்பட்டுள்ளதால், கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது."

யாரிடமோ வழி கேட்கிற மாதிரி அக்கா சாதாரணமாகச் சொன்னார்: "நானும் மோகனூர்லதானுங்க இருக்கறேன். அவரைப் பாக்கலீங்களே."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மோகனூர்னு யாருங்க பதிஞ்சது?"

மூன்று மாதமாக உலகத்திலுள்ள எல்லோரைப் பற்றியும் அவர் கேட்ட கேள்வி அது. முதல்முறையாக அதற்கு விடை தெரிந்த ஒருவர் முன்னால் கேட்டார். 'நான்' என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். நான் சொன்னது இது:

"தப்பாப் பதியப்பட்டுருச்சுங்கக்கா."

சொல்லி முடித்ததும் எனக்கே கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தேவலாம். கையில் இருந்த தாளைத் தேய்த்துப் பார்த்தார், பல நாளுக்குப் பிறகு.

"நீங்களும் பட்டு உடுத்திட்டீங்ளா அம்மிணி."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாரேனுங்க என்று எப்போதும் சொல்லிவிட்டுத்தான் போவார். அன்று சொல்லவில்லை.

நான் அன்று மாலையே மறுபடி பதிந்தேன். தொலைபேசியில் கூப்பிட்டேன், மின்னஞ்சல் அனுப்பினேன், ஆறு, பாலம், ஆலை எல்லாம் விளக்கினேன். மீட்புப் பணி நிறைவடைந்துவிட்டது, மீதமிருப்பவர்கள் கிடைக்கும் வழியில் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள் என்று பதில் வந்தது. அதைப் படித்துக் காட்ட எதிரே ஆள் இல்லை. பத்து நாள் கழித்துக் கடைக்குப் போய்ப் பார்த்தேன். பருத்திப் பிரிவில் வேறு ஒருவர் நின்றார். நின்னுட்டாங்க என்றார் மேற்பார்வையாளர். நிறுத்தினார்களா, அவராக நின்றாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மோகனூர் பதினெட்டு கிலோமீட்டர்தான். நான் போகவில்லை. அடுத்த மாதம் சேலத்தில் இந்த வேலை கிடைத்தது.

மூன்று வருடமாகிறது. அங்கே போர் நிற்கவில்லை. தலைநகர் கை மாறியது, மறுபடி மாறியது. அண்டை நாடுகள் தத்தம் ஆளுக்குத் தத்தம் பொருளைத் தந்துகொண்டிருக்கின்றன, கூட்டமைப்பு கூடிக்கொண்டிருக்கிறது, நான் அதையெல்லாம் பத்து மதிப்பெண் கேள்விக்கு ஏற்ற மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதியதை இந்த வாரம் எடுத்துப் பார்த்தேன். முழுக்கப் பட்டு. தேர்வில் நல்ல மதிப்பெண் வரும்.

செயற்கைக்கோள் படத்தில் அந்த ஆற்றை மேலிருந்து கீழ் வரை நான்கு நாளாகத் தடவிக்கொண்டிருக்கிறேன். கரும்பு வயல் சதுரம் சதுரமாகத் தெரிகிறது. ஆற்றோரமாக ஆலை இருக்கும் ஊர்கள் சில உண்டு. பாலமும் பக்கத்திலேயே இருப்பது ஒன்றே ஒன்றுதான். இதை அன்றைக்கே, அந்த மூன்று பேரைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு, பார்த்திருக்க முடியும். அந்த ஆலை எரிந்துபோனதாக ஒரு செய்தி இருக்கிறது. பாலத்தின் நடுப்பகுதி படத்தில் இல்லை. கரையில் ஒரு வண்டி நிற்கிற மாதிரி ஒரு நிழல் தெரிகிறது. பெரிதாக்கினால் கலைந்துவிடுகிறது. அது எதுவாகவும் இருக்கலாம். அக்காவின் கணவர் இன்னும் அங்கே இருப்பார் என்று நான் நம்பவில்லை. அக்காவும் நம்பமாட்டார்.

இருந்தாலும் ஊரின் உண்மையான பெயரோடு மனு ஒன்று தயார் செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மோகனூர் பஸ்ஸில் போகிறேன். வீடு தெரியாது, ஆலை ரோட்டில் கேட்டால் சொல்லுவார்கள். மனுவின் முதல் வரி, "இடத்தின் பெயரை மாற்றிப் பதிந்தவள் நான்." அக்கா கதவைத் திறந்தால், சாரம் சொல்லாமல், அதை முழுசாகப் படித்துக் காட்ட வேண்டும்.